ஒரு கட்டம் மிச்சம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தொன்பது. சிரிக்காதீர்கள், கதையே அப்படித்தான்.

சீடர் பெயர் பொன்னுலிங்கம். ஆலடிப்பொட்டல் நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா. அந்தப் பேனாவுக்குப் பயப்படாத பிள்ளை ஊரில் கிடையாது. விடை சரியாக இருந்தாலும், தாளில் அடித்தல் திருத்தல் இருந்தால் அரை மார்க் கட். யோசிப்பதெல்லாம் ரஃப் தாளில் யோசி. விடைத்தாளில் விடை மட்டும் இருக்கட்டும். இதுதான் சார்வாளின் சட்டம். பரீட்சை முடிந்ததும் ரஃப் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் யாரும் வெளியே போக வேண்டும்.

குரு ஜெய்தூன் டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன் கம்ப்யூட்டர் டீச்சராக வந்தவர். வந்த மூன்றாம் நாள், பொன்னுலிங்கம் சார் ஒரு மெயில் அனுப்ப முடியாமல் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் கீ போர்டைத் தொடவே இல்லை.

"கடைசியா எது சரியா நடந்துச்சு சார்? அங்கேயிருந்து சொல்லுங்க" என்றார்.

சார் சொல்லச் சொல்ல, தப்பு எங்கே என்று அவருக்கே தெரிந்துவிட்டது. முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு "நீங்க என் குரு டீச்சர்" என்று கும்பிட்டார். முதலில் கேலிதான். போகப் போகக் கேலி குறைந்து, கும்பிடு மட்டும் நிலைத்தது.

ஒருநாள், "இந்த லூப்பு லூப்புங்கீங்களே, அது என்னது?" என்று கேட்டார்.

டீச்சர் ஜன்னலைக் காட்டினார். வெளியே டிரில் மாஸ்டர் பிள்ளைகளை ஓடவிட்டிருந்தார்.

"அஞ்சு ரவுண்டு ஓடுதாங்க. மாஸ்டர் ஓடுன்னு அஞ்சு தடவை சொன்னாரா சார்?"

"ஒரு தடவைதான் சொன்னாரு. அஞ்சு ரவுண்டுன்னு சொன்னாரு."

"அம்புட்டுதான்."

இப்படி ஒரு ஆளை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று வீட்டில் போய்ச் சொன்னார் பொன்னுலிங்கம். இருபத்திரண்டு வருடம் தான் விளக்கு விளக்கென்று விளக்கியதெல்லாம் அவருக்கே அலுப்பாகத் தோன்றியது.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வருகிறது. எட்டாம் வகுப்பில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து வருடம் முழுக்கச் சனிக்கிழமை வகுப்பு நடத்த வேண்டும். தேர்வு, 'கணினிச் சிந்தனை'த் திறனைப் பார்த்து. கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைக்கத் தெரிகிறதா, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்கிறதா, வேண்டாததைத் தள்ளுகிறதா, வரிசையாக வழி சொல்கிறதா, தப்பைத் தேடிப் பிடிக்கிறதா. இந்த ஐந்தையும் பார்த்து மார்க் போடச் சொல்லியிருந்தார்கள். பட்டியல் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கணக்கு ஆசிரியர், கணினி ஆசிரியர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்.

பத்து இடம். எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் முப்பத்துநாலு.

அந்த முப்பத்துநாலில் இசக்கிப்ரியா என்று ஒருத்தி. பத்துப் பெட்டியும் வந்து இறங்கிய அன்று, மற்றப் பிள்ளைகள் தெர்மாகோல் துண்டுக்கு அடித்துக்கொண்டபோது, பெட்டிமேல் ஒட்டியிருந்த படத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தவள். எந்த வயர் எதில் சொருக வேண்டும் என்று அந்தப் படத்திலேயே கண்டுபிடித்து, மாட்ட வந்த ஆளுக்கே சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து தினமும் காலையில் பிரேயர் முடிந்ததும் சார் முன்னால் வந்து நிற்பாள்.

"சார், லிஸ்ட்டு போட்டாச்சா?"

"மார்க்கு சொல்லும்ட்டி. போய் உட்காரு."

"சார், அந்தப் பத்துல நான் வந்துருவேனா சார்?"

"ஒன்னயப் பாத்தா லிஸ்ட்டு போடுவாங்க? போட்டி கிளாஸுக்கு!"

போவாள். மறுநாள் மறுபடி வருவாள்.

புதன்கிழமை பரீட்சை. பொன்னுலிங்கம் சாரே முப்பது கேள்வி தயார்செய்தார். சுற்றறிக்கையோடு வந்த பயிற்சிக் கையேட்டில் இருந்ததை அப்படியே எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நம்ம பிள்ளைகளுக்கு நம்ம ஊர் மாதிரி இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் மாற்றினார். ராத்திரி சாப்பாடுகூட மறந்து உட்கார்ந்து செய்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை நடந்த அன்றைக்கே திருத்தியும் முடித்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் அறைக்குப் பட்டியலோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"யோசிக்கிறதுக்கு மார்க் போட முடியாதுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லுதாரு டீச்சர். போட்டாச்சு. பாருங்க. ரித்தீஷ்வரன் இருபத்தொன்பது. ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. பத்தாவது ஆளு இருபத்தஞ்சு. நீங்க ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா அனுப்பிரலாம்."

ஜெய்தூன் டீச்சர் பட்டியலைப் பார்க்கவில்லை. விடைத்தாள் கட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தினார்.

"இசக்கிப்ரியாவுக்குப் பதினஞ்சரை போட்டிருக்கீங்க."

"ஆமா. பதினாறு கேள்வி எழுதியிருக்கா, பதினாறும் சரி. கடைசியில கிறுக்கி வச்சிருக்கா, அதுக்கு அரை மார்க் கட். பதினேழாவது கேள்வியில உட்கார்ந்தவ எந்திரிக்கவே இல்ல. பதினெட்டுல இருந்து முப்பது வரைக்கும் தொடக்கூட இல்ல. எனக்கும் வருத்தம்தான் டீச்சர். தினமும் வந்து கேக்குற பிள்ளை. ஆனா நேரத்தைப் பங்கு போடத் தெரியலையே, என்ன செய்ய?"

டீச்சர் பதினேழாவது கேள்வியை வாசித்தார்.

'தோட்டத்தில் ஒன்பது கட்டம், வரிசைக்கு மூன்றாக. ஒவ்வொன்றிலும் ஒரு செடி. நம் பள்ளித் தோட்டத்து வாசலைப் போலவே வாசல் கீழ் வரிசையின் நடுவில். ரோபோ அந்த நடுக்கட்டத்தில் நின்று ஆரம்பிக்கிறது. பக்கத்துக் கட்டத்துக்குத்தான் நகரலாம், மூலைவாட்டில் போகக் கூடாது. ஒரு கட்டத்தை இரண்டு தடவை மிதிக்கக் கூடாது. எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்ற எத்தனை தடவை நகர வேண்டும்?'

கீழே நாலு விடை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

"எட்டுதானே டீச்சர். ஒம்பது கட்டம், நிக்கிற கட்டம் போக எட்டு. முப்பத்தொரு பேர் எட்டுன்னு டிக் அடிச்சிருக்காங்க."

இசக்கிப்ரியா எதையும் டிக் அடிக்கவில்லை. ஓரத்தில் எதையோ எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து, கடைசியாக ஒரு வரி விட்டிருந்தாள். 'ஒண்ணு மிச்சம் சார்.'

"இந்த வகுப்போட ரஃப் தாளெல்லாம் எங்க சார்?"

"கூடையில போட்டாச்சே."

"கூடை எங்க?"

"மரகதம் கொட்டியிருக்கும். எதுக்கு டீச்சர்?"

"பாதியைத்தான் திருத்தியிருக்கீங்க சார். மீதியையும் கொண்டு வாங்க."

அதற்குமேல் குருவிடம் வாயாட முடியாது என்று சீடருக்குத் தெரியும். போனார்.

கழிப்பறைக்குப் பின்னால் குப்பைக் குழி. வெள்ளிக்கிழமைதான் எரிப்பார்கள், அதனால் தப்பித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாக்பீஸ் துண்டுக்கும் வாழைப்பழத் தோலுக்கும் நடுவில் ஒவ்வொரு கசங்கலாகப் பொறுக்கினார். துப்புரவு பார்க்கிற மரகதம் துடைப்பத்தோடு வந்து பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள்.

"என்ன சார், மோதிரம் கீதிரம் விழுந்துட்டா?"

"மார்க் விழுந்துட்டு மரகதம்."

"அய்யய்யோ, யாரு மார்க்கு?"

சார் அடுத்த கசங்கலைப் பிரித்தார். அவளும் சேர்ந்து பொறுக்கினாள். முப்பத்துநாலும் கிடைத்துவிட்டது.

கம்ப்யூட்டர் அறை மேசையில் ஒவ்வொன்றாக நீவி விரித்தார்கள். ரஃப் தாளில் யாரும் பெயர் எழுதுவதில்லை. எழுதச் சொன்னதும் இல்லை.

"யார் யாருதுன்னு சொல்லுங்க சார்" என்றார் டீச்சர்.

பொன்னுலிங்கம் சார் தாள்களைப் பார்த்தார். ஃபேர் நோட்டில் குண்டு குண்டாக எழுதும் பிள்ளைகள் இதில் வேறு யாரோ போல எழுதியிருந்தார்கள். ஒன்றில் அம்பு அம்பாக இருந்தது. ஒன்றில் வீட்டுப்பாடம் முடிக்காதவன் ஒருவன் பூசணிக்காய்ப் படம் போட்டு அதை மூன்றாக வெட்டிக் கணக்குப் பார்த்திருந்தான். ஒன்று சுத்த வெள்ளை. அது ரித்தீஷ்வரனாகத்தான் இருக்கும்.

மூன்று வருடமாக இந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். ஒன்பது பேருக்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. அவருக்கு மனது ரொம்பச் சங்கடமாகிவிட்டது. டீச்சர் மீதி இருபத்தைந்து தாளையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"நான் இதைத்தானே சார் பார்க்கேன்."

இசக்கிப்ரியாவின் தாள் ஒரு பழைய காலண்டர் ஷீட்டின் பின்பக்கம். அதில் ஒன்பது கட்டத் தோட்டம் பதினோரு தடவை வரைந்திருந்தது. முதல் ஏழில் வழி வழியாகக் கோடு, எல்லாம் அடித்திருந்தது. அடித்த ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரே ஒரு கட்டத்தைச் சுற்றிச் சின்ன வட்டம். எட்டாவதிலிருந்து கோடே இல்லை. சில கட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்கி வைத்திருந்தாள்.

"இதைப் பாருங்க" என்றார் சார். "வழி தெரியல, பொழுது போகாம கலர் அடிச்சிக்கிட்டு இருந்திருக்கா."

"அப்படியா சார்?"

"பின்னே?"

டீச்சர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சாரின் சட்டைப் பையில், சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பட்டியல் நாளைக்கு நாலு மணிக்குத்தானே? நாளைக்குக் கையெழுத்து போடுதேன். காலையில இடைவேளைக்கு மைதானத்துக்கு வந்துருங்க. செருப்பு வேண்டாம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சாருக்கு ஒரே குடைச்சல். குரு காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டார். கலர் அடித்ததில் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் இசக்கிப்ரியா வழக்கம்போல வந்து நின்றாள். ஆனால் எதையும் கேட்கவில்லை. பதின்மூன்று கேள்வியை விட்டவளுக்குத் தெரியாதா? சும்மா சாரின் முகத்தைப் பார்த்தாள். சாரும் பார்த்தார். "போம்மா" என்றார். அவரையறியாமல் 'போட்டி' என்பது 'போம்மா' ஆகியிருந்தது.

இடைவேளை மணி அடித்தது. மைதானத்து ஓரச் சிமெண்ட் தளத்தில் டீச்சர் சாக்பீஸால் ஒன்பது கட்டம் பெரிதாகப் போட்டிருந்தார். எட்டாம் வகுப்பு முழுக்கச் சுற்றி நின்றது.

"சார், நீங்கதான் ரோபோ. வாசல் கட்டத்துல நில்லுங்க" என்றார் டீச்சர்.

"நானா?"

"கேள்வி உங்களோடதுதானே."

பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொன்னுலிங்கம் சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழ் வரிசை நடுக்கட்டத்தில் போய் நின்றார். வெறுங்காலில் தளம் சுட்டது.

"ரித்தீஷ்வரா, நீ வழி சொல்லு. சார் மிதிச்ச கட்டத்தைத் திரும்ப மிதிக்கக் கூடாது."

ரித்தீஷ்வரன் முன்னால் வந்தான். தயக்கமே இல்லை. "இடது. முன்னாடி. முன்னாடி. வலது. வலது. பின்னாடி. பின்னாடி."

சார் ஓரமாகச் சுற்றிவந்து நின்றார். நட்டநடுக் கட்டம் அப்படியே இருந்தது. அதற்குப் போக வழியில்லை. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் மிதித்த கட்டம்.

"ஏலே, நடுவை விட்டுட்ட" என்றான் ஒருவன்.

"இரு இரு. சார், மறுபடி வாசலுக்கு வாங்க. இப்ப முதல்லயே நடுவுக்குப் போங்க."

நடுவுக்குப் போனார். இடது, முன்னாடி, வலது, வலது, பின்னாடி, பின்னாடி. இந்தத் தடவை இடதுபக்கக் கீழ் மூலை மிச்சம்.

மூன்றாவது தடவை வலது மேல் மூலை மிச்சம். நாலாவது தடவை ரித்தீஷ்வரன் சொல்லாமலே சார் தன்பாட்டுக்கு நடந்தார். மிச்சம். ஐந்தாவது தடவை வேட்டியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஒவ்வொரு அடியாக யோசித்து நடந்தார். வியர்த்துக் கொட்டியது. அப்போதும் ஒன்று மிச்சம்.

ரித்தீஷ்வரன் தலையைச் சொறிந்துகொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் தலையைச் சொறிந்து யாரும் பார்த்ததில்லை.

"இது எப்படி டீச்சர்?" என்று கேட்டார் சார்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? தெரிஞ்ச ஆளைக் கேளுங்க."

கேட்கத் தேவையே இல்லை. சார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் இசக்கிப்ரியா.

"வாம்மா இங்க."

வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"எப்படிப் போனாலும் ஒண்ணு மிச்சம் வருது சார்" என்றாள் மெதுவாக. "நான் ஏழு தடவை போட்டுப் பார்த்தேன்."

"சரி. ஏன் வருது?"

அவள் தரையில் கிடந்த செங்கல் துண்டை எடுத்தாள். நாலு மூலைக் கட்டத்தையும் நடுக்கட்டத்தையும் சிவப்பாகத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பயம் போய்விட்டது.

"முதல்ல வழியைத்தான் பார்த்தேன் சார். வரல. பிறகு வழியை விட்டுட்டு மிச்சம் விழுற கட்டத்தை மட்டும் பார்த்தேன். எப்பப் பார்த்தாலும் மூலையாத்தான் இருக்கு, இல்லைன்னா நடுவா இருக்கு. மத்த நாலு கட்டம் மிச்சமே விழ மாட்டேங்கு. அது ஏன்னுட்டு இந்த அஞ்சுக்கும் கலர் போட்டேன்."

"ம்."

"சிவப்பு அஞ்சு, வெள்ளை நாலு. சிவப்புக்குப் பக்கத்துல எல்லாம் வெள்ளைதான் சார், வெள்ளைக்குப் பக்கத்துல எல்லாம் சிவப்புதான். அப்ப மாத்தி மாத்தித்தானே மிதிக்க முடியும்? நீங்க நிக்கிறது வெள்ளை. வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்புன்னு போனா, நாலு வெள்ளை தீரும்போது நாலு சிவப்புதான் தீரும். அஞ்சாவது சிவப்புக்குப் போக வெள்ளை எங்க இருக்கு?"

பொன்னுலிங்கம் சார் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். வெள்ளைக் கட்டம்.

"அதுக்குத்தான் டிக் அடிக்கல சார்" என்றாள் இசக்கிப்ரியா. "வழியே இல்லாததுக்கு எத்தனை அடின்னு எப்படி எழுத? நேரமாகிட்டு. உங்க கேள்வி தப்பா இருக்காதுன்னு மறுபடி மறுபடி பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்."

சாருக்கு ஒரு பக்கம் வெட்கம் பிடுங்கித் தின்றது, இன்னொரு பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை கணக்கை இப்படிப் போட்டு அவர் பார்த்ததில்லை. அதுவும் அவர் கண்ணெதிரே, அவர் போட்ட கேள்விக்கு, அவரே குப்பையில் போடச் சொன்ன தாளில்.

"இதைச் சரிபண்ண முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார். மூலையில நின்னு ஆரம்பிங்க. சிவப்புல ஆரம்பிச்சா சிவப்புல முடிஞ்சிரும்."

சார் மூலைக்குப் போய் நின்றார். ஒரு வரிசை போனார், அடுத்த வரிசை திரும்பினார், மூன்றாம் வரிசை போனார். எட்டு அடி. ஒன்பது கட்டமும் முடிந்தது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். ரித்தீஷ்வரன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கையேட்டில் ரோபோ மூலையில்தான் நின்றது. நம்ம பள்ளித் தோட்டத்து வாசல் நடுவில் இருக்கிறதே என்று அவர்தான் நடுவுக்கு நகர்த்தினார். விடையை மட்டும் கையேட்டில் இருந்தபடியே வைத்துக்கொண்டார்.

இடைவேளை முடிந்து வகுப்புக்குப் போனதும், விடைக் குறிப்புத் தாளை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"பதினேழாவது கேள்வி தப்பு. போட்டது நான். தப்பும் என்னோடது. இசக்கிப்ரியாதான் கண்டுபிடிச்சா."

சிவப்புப் பேனாவை எடுத்து 'எட்டு' என்பதை அடித்து, பக்கத்தில் 'வழி இல்லை' என்று எழுதினார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், அடித்தல் திருத்தல்! அரை மார்க் கட்!"

வகுப்பே நடுங்கிப்போய் மூச்சை அடக்கிக்கொண்டது. பொன்னுலிங்கம் சார் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

மத்தியானம் சாப்பாட்டு மணிக்குக்கூட எழுந்திருக்காமல் முப்பத்துநாலு ரஃப் தாளையும் முதலிலிருந்து வாசித்தார். கேள்விக்கு விடை சரியா என்று பார்க்கவில்லை. எங்கே முட்டினான், முட்டிய பிறகு என்ன செய்தான், எதை அடித்தான், ஏன் அடித்தான் என்று பார்த்தார். சுற்றறிக்கையில் கேட்டிருந்த ஐந்தும் அந்தக் கசங்கல்களுக்குள் அங்கங்கே கிடந்தது. பூசணிக்காய் வெட்டியவனைக் கூப்பிட்டு, ஏன் வெட்டினாய் என்று கேட்டார். அவன் சொன்ன பதிலில் அசந்துபோனார். அம்பு போட்டவளைக் கூப்பிட்டார். இன்னும் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டார். பிறகு ரித்தீஷ்வரனின் வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்.

"இவனை என்ன செய்ய டீச்சர்? ஒண்ணுமே இல்லையே இதுல."

"இன்னைக்கு மைதானத்துல என்ன செஞ்சான்?"

"தலையைச் சொறிஞ்சான். மூணு வழி மாத்திச் சொன்னான். பிறகு உட்கார்ந்து அவ சொன்னதைக் கண்கொட்டாம கேட்டான். இப்ப பாத்தா நோட்டுல பதினாறு கட்டம் போட்டு, அதுல எங்க நின்னா முடியும்னு தேடிக்கிட்டு இருக்கான்."

"பிறகென்ன சார்? அவன் முட்டுற மாதிரி நாமதான் இதுவரைக்கும் ஒண்ணும் கொடுக்கல."

ரித்தீஷ்வரன் பட்டியலில் நீடித்தான். பழைய பட்டியலில் நாலு பெயர் மாறியது. அந்த நாலு பேரிடமும் சாரே போய் உட்கார்ந்து, இன்னின்ன காரணம் என்று சொன்னார். ஒருத்தி அழுதாள். அவளுடைய ரஃப் தாளை விரித்து, எந்த இடத்தில் அவள் சீக்கிரம் விட்டுவிட்டாள் என்று காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

பட்டியலில் முதல் பெயர் இசக்கிப்ரியா. சொன்னதும் அவள் நம்பவில்லை. "மார்க்கு பதினஞ்சரைதானே சார்?" என்றாள். "அது நான் வாங்கின மார்க்கு தாயி" என்றார் சார். அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள், மைதானம் தாண்டி, குப்பைக் குழியில் அவள் தாளையும் சேர்த்துப் பொறுக்கின மரகதத்திடம் சொல்ல.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஜெய்தூன் டீச்சர் பட்டியலை முழுவதும் வாசித்தார். கையெழுத்துப் போட்டார். சாரும் போட்டார். மெயில் போயிற்று. இந்தத் தடவை புள்ளியெல்லாம் சரியாக இருந்தது.

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து மேசையில் விரித்து, அந்தப் பதினோரு தோட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குருவே" என்றார்.

"சொல்லுங்க சார்."

"எல்லாருக்கும் பார்த்துப் பார்த்து மார்க் போட்டாச்சு. இந்தப் பதினேழாவது கேள்வியைப் போட்டவன் ஒருத்தன் இருக்கானே, எனக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

ஜெய்தூன் டீச்சர் வாசலில் நின்று திரும்பினார். முகத்தில் கேலி இல்லை.

"உங்க ரஃப் தாளைக் காட்டுங்க சார், பார்த்துச் சொல்லுதேன்."